ஒரு சாண் ரிப் துணி

திருப்பூரில் நான் நர்ஸாக இருக்கும் மனநல வார்டில் ஆட்டிசம் உள்ள ஓர் இளம்பெண் சேர்ந்திருந்தாள். பனியன் கழுத்துக்குத் தைக்கிற, வரிவரியான ரிப் துணியில் ஒரு சாண் எப்போதும் அவள் கையில் இருக்கும். அந்த வரிகளில் நகத்தை ஓட்டிக்கொண்டே வார்டின் சத்தத்தையெல்லாம் தாங்கிக்கொள்வாள். அது அவள் தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி, யாரும் பிடுங்கக் கூடாது என்று டாக்டரிடம் மல்லுக்கு நின்று அனுமதி வாங்கியிருந்தேன்.

அன்று காலை அவள் குளிக்கப் போனபோது துணி கட்டிலில் கிடந்தது. வார்டைச் சுத்தம் செய்யும் அக்கா அதை எடுத்து, கொட்டிக் கிடந்த டீயைத் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டார். குப்பை வண்டியும் போய்விட்டது.

"வேஸ்ட் துணிதானுங்க சிஸ்டர்?" என்று விழித்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பனியன் கம்பெனிகள் வெட்டிப்போடும் வேஸ்ட் துணியில் வண்டி துடைக்காத, அடுப்பு துடைக்காத வீடு இந்த ஊரில் ஏது? என் ஸ்கூட்டரிலும் ஒன்று இருந்தது.

குளித்துவிட்டு வந்தவள் துணியைக் காணாமல் சுவரில் தலையை முட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். நான் நடுவில் தலையணையை வைத்துப் பிடித்தேன். துணைக்கு இருந்த அவள் அம்மா பக்கத்துப் பனியன் கம்பெனிக்கு ஓடி, ஒரு மூட்டை வேஸ்ட் துணியோடு வந்தார்.

"எது வேணுமோ எடுத்துக்க கண்ணு."

ஒவ்வொன்றிலும் நகத்தை ஓட்டிப் பார்த்துக் கீழே போட்டாள். மூட்டை காலியானதும் மறுபடி சுவரில் முட்டினாள். டாக்டர் தூங்க வைக்கும் ஊசி எழுதிவிட்டார்.

சிரிஞ்சில் மருந்தை ஏற்றிக்கொண்டு அருகில் போனேன். என் கையைப் பிடித்து, யூனிஃபார்ம் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.