அலசிப் போட்ட துணிகள்

பிரசவ வாட்டில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருக்கும் எனக்குச் சுத்தமாக இருக்கும் தாய்மார் என்றால் தனிப் பிரியம். அந்தப் பிரியம் ஒரு நாள் ஓர் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

ஸிபானா உச்சமுனைத் தீவிலிருந்து தோணியில் வந்தவள். ஐந்தாவது பிரசவம். முந்தின பேற்றில் இரத்தம் அதிகம் போயிருந்ததால் அவளுடைய கார்டில் சிவப்பு மையில் 'ஹை ரிஸ்க்' என்று எழுதியிருந்தது. லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கு முன்பே பெண் குழந்தை பிறந்தது. வாட்டுக்கு மாற்றினோம். துணைக்கு மாமியார் ஹலீமா இருந்தார்.

அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பல்ஸ், பிரஷர், இரத்தப் போக்கு பார்க்க வேண்டும். பார்த்தேன். துணியில் சின்னக் கறைதான். 'பிளீடிங் நோர்மல்' என்று சார்ட்டில் எழுதினேன். இரண்டாம் முறையும் அதேதான். பல்ஸ் மட்டும் நூறைத் தாண்டியிருந்தது. பெற்ற களைப்பு என்று நினைத்தேன். போதாக்குறைக்கு, "மாமியப் பாருங்க, எவ்வளவு சுத்தம்!" என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் புகழ்ந்தும் வைத்தேன். மடச்சி!

மூன்றாம் முறை போனபோது ஸிபானா, "மிஸ்ஸி, லைட்டப் போடுங்க, இருட்டா இரிக்கி" என்றாள். ஜன்னல் வெயில் அவள் முகத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. வயிற்றில் கை வைத்தேன். இறுகியிருக்க வேண்டிய கர்ப்பப்பை பஞ்சாய்க் கிடந்தது. அமுக்கியதும் கட்டி கட்டியாக இரத்தம் வந்தது.

"மாமி, எத்தின துணி மாத்தினீங்க?"

"ஏழெட்டு இரிக்கும் மிஸ்ஸி. ஆம்புள டொக்டர்மார் வந்து போற இடம், கண்டா வெக்கமில்லையா? உடனுக்குடன் அலசிப் போட்டுட்டன்."

யா அல்லாஹ்! என் ஊர் கனமூலையில் நான் பிள்ளை பெற்றபோது உம்மாவும் எனக்கு இதைத்தானே செய்தார். தெரிந்திருந்தும் நான் கேட்கவில்லை.

கத்தினேன். டொக்டர் ஓடிவந்தார். நான்கு பைந்து இரத்தம் ஏற்றினோம். ஒபரேஷன் தியேட்டரில் இரண்டு மணித்தியாலம் போராடித்தான் காப்பாற்றினார்கள்.

மறுநாள் விசாரணைக் கூட்டத்தில், "உறவினரின் கவனக்குறைவு என்று போடுவோமா?" என்றார் ஒருவர். எனக்கு ஆத்திரம் வந்தது. "கழுவ வேணாமெண்டு அவக்கு ஆர் சொன்ன? நோர்மல் எண்டு ரெண்டு தரம் எழுதினது என்ட கை" என்றேன். அப்படியே பதிந்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழும் மூடியுள்ள வாளி வைத்தோம். மிஸ்ஸி பார்த்து, எடை போட்டு, எழுதும்வரை ஒரு துணியும் கழுவக் கூடாது.

இப்போது வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, கட்டிலில் கிடக்கும் துணியை மட்டும் பார்த்து எழுதாதீர்கள். இதற்கு முன் எத்தனை துணி மாற்றினார்கள் என்று வாய் திறந்து கேளுங்கள்.

மூன்றாம் நாள் ஸிபானா தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வாட்டுக்குத் திரும்பினாள். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டொக்டர் அடுத்த கட்டிலுக்கு நகரப் போனார். ஹலீமா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குறுக்கே வந்து, வாளியைத் திறந்து நீட்டினார்.

"கழுவல்ல டொக்டர். இதப் பாத்துட்டுப் போங்க."