பாய் துளைத்த குழாய்

ஒரு முழம்கூட இல்லாத வெள்ளை பிவிசி குழாய்த் துண்டு என் மேசையில் கிடக்கிறது. அதன் வளைவுக்குச் சற்றுக் கீழே, தீக்குச்சி நுழையுமளவு ஒரு துளை. துளையைச் சுற்றி உப்பு பூத்து, தடவினால் நறநறக்கிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. கடலுக்கு நெடுந்தூரம் கிழக்கே போக வேண்டும். ஆனாலும் இது கடலுக்குள் கிடந்த குழாய்.

அந்தக் காலத்தில் நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பைப்புக் கடையில் விற்பனைக்கு நின்றேன். முதலாளியை ஊரே பாய் என்றது. எந்தக் குழாயை விற்றாலும் ஒரு முனையை உள்ளங்கையால் பொத்தி, மறுமுனையில் வாய் வைத்து ஊதிப் பார்த்துத்தான் கொடுப்பார். நீளக் குழாயென்றால் மறுமுனையைப் பொத்த என்னைக் கூப்பிடுவார். எங்கேயாவது காற்று கசிந்தால் அந்தக் குழாய் கடையில் இருக்காது. அப்படிப்பட்டவர் கடலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய், வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்துவிட்டு வந்தார். அதன்பின் வியாபாரத்தில் மனம் நிற்கவில்லை. "ஊரு குப்பையெல்லாம் அதுலதான் வுழுது. எப்பிடிய்யா கெடாம கெடக்குது?" என்று என்னைக் கேட்பார், பைப்பு வாங்க வந்தவரையும் கேட்பார்.

பதிலை அவரே கட்டிப் பார்த்தார். கடையிலேயே ஒரு கண்ணாடித் தொட்டி, அதன் கீழே பாதியாய் அறுத்த நீல டிரம், டிரம்முக்குள் ஏர்கூலர் மோட்டார். தொட்டியில் வழிந்த தண்ணீர் ஒரு குழாயில் டிரம்முக்கு இறங்கி, தொட்டி விளிம்பில் வளைந்து அடிவரை நீண்ட இன்னொரு குழாயில் மேலே ஏறியது. நாலு இன்ச் குழாயும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்து அவர் செய்த ஒரு கருவி அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளியது. கடலூரிலிருந்து சரக்கு ஏற்றிவரும் வண்டியில் கேன் கேனாகக் கடல் வந்தது. அது மீன் வாழப் பக்குவப்படும்வரை காத்திருந்து இரண்டு மீன்களை விட்டார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை.

இதேபோல் ஒருவன் தொட்டி கட்டுவதைச் செல்போன் வீடியோவில் பார்த்தோம்; அவனுடைய மேலேறும் குழாயில் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு துளை இருந்தது. பாய் சிரித்தார். "ஓட்ட பைப்பு. கம்மி ரேட்டுன்னு இவன் தலையில எவனோ கட்டிவுட்டிருக்கான்." எங்களுடையது ஊதிப் பார்த்த குழாய்.

ஒரு வெள்ளிக்கிழமை பாய் ஷட்டரை இறக்கிவிட்டுத் தொழுகைக்குப் போனார். நான் சாப்பிடப் போனேன். கரண்ட் போயிற்று. திரும்பி வந்தபோது ஷட்டருக்குக் கீழே கடல் தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தொழுகை முடிந்து வந்த பாய் ஷட்டரைத் தூக்கினார். மோட்டார் நின்றதும், தண்ணீரை ஏற்றிய குழாயே அதைத் திரும்ப உறிஞ்சி இறக்கியிருந்தது. டிரம் கொள்ளாமல் வழிந்தது. மேலே நாலு விரல் தண்ணீரில் மீன்கள் சாய்ந்து கிடந்தன. வாய் மட்டும் அசைந்தது. டிரம்மில் மிஞ்சியதைப் பாய் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினார். மீன்கள் மெல்ல நிமிர்ந்தன. "இன்னொருவாட்டி தாங்காதுய்யா இதுங்க" என்றார்.

அடுத்த வண்டியில் கடல் வந்து தொட்டி நிறைந்த அன்று, குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு டிரில்லோடு உட்கார்ந்திருந்தார். கை போகவில்லை. சாப்பாடு கொண்டுவந்த பாயம்மா பார்த்தார்.

"இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

"ஓட்ட போடப் போறேன்."

"நல்ல பைப்புலயா?"

"நல்ல பைப்புலதான். காத்து நொழைஞ்சாத்தான் உறிஞ்சறது வுடும்."

"வூட்டுல பைப்பு தானா ஒழுகுது. அத வந்து பாக்க நேரமில்ல."

பாய் துளைத்தார். வெள்ளைத் தூள் அவர் லுங்கியில் உதிர்ந்தது.

குழாயை மாட்டி, மோட்டாரை ஓடவிட்டு, பிறகு அவரே சுவிட்சை அணைத்தார். நீர்மட்டம் இறங்கியது. மீன்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டன. பாயம்மாவும் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். நீர் துளையைத் தொட்டதும் சர்ரென்று ஒரு சத்தம், யாரோ டீ உறிஞ்சுவதுபோல. அப்புறம் எல்லாம் நின்றுவிட்டது. அத்தனை கனமான தண்ணீர், ஒரு தீக்குச்சி கனக் காற்றுக்குக் கட்டுப்பட்டு அந்தரத்தில் நின்றது.

"நின்னுகிச்சு" என்றார் பாய், மசூதிக்குள் பேசுகிற குரலில்.

உப்பேறிய அந்தக் குழாயைப் பிற்பாடு மாற்றியபோது எறியச் சொன்னார். நான் எறியவில்லை. இன்று பாய் இல்லை. தொட்டி அதே கடையில் இருக்கிறது; புதுக் குழாயிலும் அதே இடத்தில் துளை. கரண்ட் போகும்போதெல்லாம் அது சர்ரென்று உறிஞ்சி நிற்கும் என்று பாயம்மா சொல்கிறார்.

மேசையிலிருந்து துண்டை எடுக்கிறேன். ஒரு முனையை உள்ளங்கையால் பொத்தி, மறுமுனையில் வாய் வைத்து ஊதுகிறேன். உதட்டில் உப்பு. துளைமேல் வைத்த விரலில் காற்று வந்து தட்டுகிறது.