துடைத்துவைத்த பொத்தான்கள்

பிறர் மூத்திரத்தைச் சுமந்து பிழைக்கிறவளுக்கு அருவருப்பு ஒரு கேடா என்று கேட்பவர்கள் ஸ்பிரிட் அக்காவைப் பார்த்ததில்லை. பரிசோதனைக்கூடத்தில் எல்லோரும் அவளுக்கு வைத்த பெயர் அது. காலை ஐந்தரைக்குக் கிளம்பி வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பாள். குப்பிகளில் தருகிற மற்றதையும் வாங்கி ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வருவாள். பதினேழு வருஷமாக இதுதான் தொழில். கையில் எந்நேரமும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு இருக்கும். கதவுப் பிடியைத் துடைப்பாள், லிஃப்ட் பொத்தானைத் துடைப்பாள். ஒருமுறை கைகொடுக்க வந்த மருந்துக் கம்பெனிக்காரரின் கையையே துடைத்துவிட்டுத்தான் குலுக்கினாள். ஊசி போடப்போகிறாள் என்று நினைத்து அந்த மனிதர் சட்டையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாராம்.

குப்பிக்குள் இருப்பது அவளுக்குக் குமட்டாது. அது மூடி போட்டு, பெயர் ஒட்டி, தேதியோடு மரியாதையாக வருகிறது. மூடியில்லாமல் திரிகிற மனிதர்கள்தான் அவளுக்குக் குமட்டல். தும்மிய கையால் மேசையைத் தடவுகிறவர்கள், எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர்கள், காதைக் குடைந்த விரலை மோந்து பார்த்துவிட்டு அதே விரலால் வழி காட்டுகிறவர்கள். உலகம் முழுக்க அவர்கள்தான் நிறைந்திருந்தார்கள் என்பது அவள் கணக்கு. அதில் கட்டின கணவனும் அடக்கம். அவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். நகத்தைப் பல்லால்தான் வெட்டுவார்.

சாவி என்றாலே அவளுக்கு வெறுப்பு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பழைய காரின் சாவி ஒரு நோயாளி வீட்டுக் கழிப்பறைக்குள் விழுந்துவிட்டது. அவள் இடுக்கியால் அதை எடுத்து, மூன்று பாலித்தீன் உறைக்குள் போட்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, குக்கரில் வைத்து நாலு விசில் விட்டாள். சாவி பளிச்சென்று வெளியே வந்தது. ஆனால் வெந்த சாவியைக் கார் அடையாளம் காணவில்லை. ஐந்தாவது விசிலுக்கு முன்பே குக்கரும் குப்பைத்தொட்டிக்குப் போய்விட்டது.

அதனால்தான் அடுத்து வாங்கிய கார், பழையதுதான் என்றாலும், அவளுக்குத் தெய்வம் நேரில் வந்தாற்போல இருந்தது. ஓட்டுநர் கதவில், கண்ணாடிக்குக் கீழே, வரிசையாக ஐந்து பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள். ஐந்து இலக்க ரகசிய எண்ணை அழுத்தினால் கதவு திறக்கும். இறங்கிச் சாத்திவிட்டு முழங்கையால் பிடியைத் தொட்டால் பூட்டிக்கொள்ளும். ஒரு கையில் பெட்டி, மறு கையில் பை என்று நிற்கிறவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சாவி வெளியே வரவே தேவையில்லை. அது காருக்குள் மிதியடிக்கு அடியில் நிம்மதியாகக் கிடந்தது. ரகசிய எண் அவளுக்கும் கணவனுக்கும் மட்டும் தெரியும்.

வெயிலும் புழுதியும் படுகிற பொத்தான்களை வெறுங்கையால் தொடுவாளா? மாட்டாள். ஆனால் ஐந்தையும் துடைக்கவும் மாட்டாள். ஊசி இறங்கும் இடத்தை மட்டும் துடைக்க வேண்டும், கை முழுக்கக் குளிப்பாட்டக் கூடாது என்பது அவள் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருவது. அவள் எண்ணுக்கு மூன்று பொத்தான்கள் போதும். அந்த மூன்றை மட்டும் துடைத்து அழுத்துவாள். மற்ற இரண்டும் யார் வீட்டு அழுக்கோ, அவளுக்கென்ன?

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு அவள் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து ஒரு நாற்றம் வந்து முகத்தில் அறைந்தது. நனைந்த சாக்கைப் பத்து நாள் கட்டிவைத்து அவிழ்த்தாற்போல. இருக்கை பின்னுக்குத் தள்ளியிருந்தது. தலை சாய்க்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் வட்டம். மிதியடியின் மேல், பிறைச்சந்திரன் போல, ஒரு கால் நகம்.

அவள் கண் பின்னிருக்கைக்குப் பாய்ந்தது. நகத்துக்கு ஒரு முழம் பின்னால்தான் ஐஸ் பெட்டி இருந்தது. காலையில் எடுத்த ரத்தத்தை உடனே உள்ளே கொடுத்துவிடுவாள். தொழிலாளர் விடுதிகளிலிருந்து வரும் மற்ற குப்பிகளை வாங்குகிற ஜன்னல் மட்டும் இரண்டு மணிக்குத்தான் திறக்கும். அதுவரை பெட்டி காரின் பின்னிருக்கையில்தான். மாடியில் இருக்கிற பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோகலாம், ஆனால் அங்கே கண்டவர்களும் கைவைப்பார்கள், கட்டடத்திலேயே சுத்தமான இடம் தன் கார்தான் என்று அவள் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறாள். பரிசோதனைக்கூடத்தின் சட்டமோ ஒரே வரி: வழியில் பெட்டியை வேறு யாரும் திறந்தால், கொண்டுவந்தவருக்கு அன்றோடு வேலை இல்லை.

பெட்டியின் கிளிப் மாட்டியபடியே இருந்தது. மூச்சு வந்தது. நகத்தை இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போட்டு, பெயர்ச்சீட்டும் ஒட்டினாள்: ‘கால் நகம். பெருவிரல். ஆள் தெரியவில்லை.’

ஆள் தெரியவில்லை என்று எழுதினாளே தவிர, சந்தேகம் வீட்டில்தான் போய் நின்றது. கணவர் அந்த மாதம் பக்கத்துத் தெருவில்தான் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

“இது யாரோடதுன்னு சொல்லுங்க.” சாப்பிட உட்கார்ந்தவரின் மூக்குக்கு நேரே குப்பியை நீட்டினாள்.

“சோத்துக்கு முன்னாடி காட்டுற பொருளா இது? எனக்கெப்படித் தெரியும்?”

“மதியம் என் கார்ல படுத்தீங்களா இல்லையா?”

“நான் ஏம்மா படுக்கப்போறேன்? அந்த ஸ்பிரிட் நாத்தத்துல எனக்கு மயக்கம் வரும், தூக்கம் வராது. அதோட நான் என்னைக்கு நகம் வெட்டியிருக்கேன்? கடிச்சுத் துப்புறவன்.”

“கால் நகத்தையுமா?”

“கல்யாணமான புதுசுல எட்டுச்சு,” என்றார் அவர் வருத்தத்தோடு. “இப்ப தொப்பை விடமாட்டேங்குது.”

அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்க் கொப்பளித்தாள். அன்றைக்கே ரகசிய எண்ணை மாற்றினாள். புது எண்ணைக் கணவனுக்குச் சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் நின்றுகூட முணுமுணுக்கவில்லை.

பத்து நாள் கார் பளிங்காக இருந்தது. பார்த்தீர்களா, எண்ணைப் பிடுங்கியதும் நாற்றம் நின்றுவிட்டது! குற்றவாளி யார் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? கணவரின் பாய் படுக்கையறையிலிருந்து வெளிக்கூடத்துக்குப் போனது. காரில் அவருக்கு இடமில்லை என்றானது. பெயிண்ட் டப்பாக்களோடு பேருந்தில் இடிபட்டுப் போனார். “செய்யாத தப்புக்குத் தண்டனை, சரி. செஞ்சிருந்தா ஏசியிலயாவது தூங்கியிருப்பேனே,” என்று ஒருநாள் வாசலில் நின்று சொன்னார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதினோராம் நாள் கதவைத் திறந்தாள். அதே நனைந்த சாக்கு. அதே எண்ணெய் வட்டம், இந்த முறை நடுவில் ஒரு நரைமுடியும்.

கணவரின் தலையில் முடியே கிடையாது.

மறுநாள் அவள் பன்னிரண்டே முக்காலுக்கே மாடியிலிருந்து இறங்கிவிட்டாள். பின்பக்கத்து நிழலில் கார் நின்றது. எஞ்சின் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. கிட்டே போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஸ்டியரிங் மேல் இரண்டு வெறுங்கால்கள். குதிகால் வெடிப்புக்குள் நாலு விதை போட்டால் முளைத்துவிடும். கால்களின் மறுமுனையில் கொட்டாவி.

கொட்டாவி என்பது வாகன நிறுத்தத்துக் காவலாளியின் பட்டப்பெயர். வணக்கத்தைக்கூட அவன் கொட்டாவிக்கு நடுவில்தான் சொல்வான். இப்போது அவன் எழுந்து உட்கார்ந்து, சோம்பல் முறித்து, கையைப் பின்னால் நீட்டி, ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினான். குப்பிகளுக்கு நடுவில் துழாவி எலுமிச்சை ஜூஸ் பாட்டில் ஒன்றை உருவினான். ஈரத்தைச் சட்டையில் துடைத்தான். மூடியைப் பல்லால் திறந்து மடக் மடக்கென்று குடித்தான்.

ஸ்பிரிட் அக்கா கதவைத் திறந்தாள். வாழ்க்கையிலேயே முதல்முறையாக, துடைக்காமல் அழுத்தினாள்.

“அக்கா!” கொட்டாவி பாட்டிலோடு வெளியே சரிந்தான். “சும்மா ரெண்டு நிமிஷம்... வெயிலு...”

“அந்தப் பெட்டில என்ன இருக்குன்னு தெரியுமா?”

“ஐஸு.”

“ஐஸுக்கு நடுவுல?”

“ஏதோ மருந்து பாட்டிலு. நான் தொடலக்கா, சத்தியமா. இன்னைக்குத்தான் மொதல் தடவ, ஓரமா ஒதுக்கிட்டு நம்ம பாட்டில சொருகுனேன்.”

“மருந்தில்ல. முப்பத்திரெண்டு பேரோட மலம்.”

கொட்டாவி பாட்டிலைப் பார்த்தான். பாட்டில் அவனைப் பார்த்தது. பிறகு அவன் சுவரோரம் ஓடிப்போய் எடுத்த வாந்தியில் போன வருஷம் சாப்பிட்டதும் வந்திருக்கும். அவள் நாலு அடி தள்ளி நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள்.

“நம்பர் யாரு சொன்னா?” என்றாள், அவன் வாயைத் துடைத்ததும்.

“நீங்கதான்கா.”

“நானா?”

“அஞ்சு பொத்தான்ல ரெண்டு புழுதியா கெடக்கு, மூணு மட்டும் பல்லு வெளக்கி உட்கார்ந்திருக்கு. மூணையும் மாத்தி மாத்தி அழுத்துனேன். ஏழு தடவ தப்பானா ஒரு நிமிஷம் வேலை செய்யாது. அதுக்குள்ள ஒரு கொட்டாவி விட்டுக்குவேன். நாலு நாள்ல தொறந்துடுச்சு. அப்புறம் நீங்க நம்பர மாத்துனீங்க. பழைய பொத்தான்ல தூசி ஏற, புதுசு மினுக்க ஆரம்பிச்சுது. வெளக்கேத்தி வெச்ச மாதிரி இருக்கும்கா உங்க வேலை. மத்த காரெல்லாம் முழுக்க அழுக்கு, ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது.”

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று பொத்தான்கள் நிழலிலும் ஜொலித்தன. அவள் துடைத்துத் துடைத்து ஏற்றிய விளக்கு.

“யாருக்கும் சொல்லாதீங்கக்கா,” கொட்டாவி கெஞ்சினான். “மூடிய மூடி கிளிப்ப மாட்டிடுங்க. யாருக்குத் தெரியப்போவுது? எனக்கும் வேலை, உங்களுக்கும் வேலை.”

அவள் கை கிளிப்பை நோக்கிப் போனது. மாட்டிவிட்டால் சத்தம்கூட வராது. பதினேழு வருஷ வேலை. ஆனால் கொட்டாவியின் விரல் எந்தக் குப்பியில் பட்டது, எதன் மூடி தளர்ந்தது, எதிலிருந்து எதில் கசிந்தது, யார் அறிவார்? யாருக்கோ இல்லாத நோய் இருப்பதாகவும் இருக்கிற நோய் இல்லாததாகவும் காகிதம் போகும். அடியில் அவள் கையெழுத்து இருக்கும். கிளிப்பின் மேல் இருந்த தன் விரல்களையே பார்த்தாள். குதிகால், நகம், நாற்றம் எதுவும் அவளுக்கு அப்படிக் குமட்டியதில்லை. விரல்களைப் பஞ்சால் மூன்று முறை துடைத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்தபடியே தூக்கி மாடிக்கு நடந்தாள்.

மேலாளர் முழுதும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

“நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதேம்மா.”

“ஆமா சார்.”

“அதுக்காகத்தான் வேலைய எடுக்கல. ஆனா முப்பத்திரெண்டு பேர்கிட்டயும் நீங்களே போய், காரணத்தச் சொல்லி, மறுபடி வாங்கிட்டு வரணும். பெட்டி இனிமே கார்ல தங்கக்கூடாது.”

முப்பத்திரண்டு பேரிடம் போய், உங்களுடையதற்குப் பக்கத்தில் ஒருவர் ஜூஸ் வைத்துக் குடித்துவிட்டார் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். பாதிப்பேர் சிரித்தார்கள், மீதிப்பேர் கதவைச் சாத்தினார்கள், ஒருவர் மட்டும் “அவருக்கு ஒண்ணும் ஆகலியே?” என்று விசாரித்தார். கொட்டாவி அன்றைக்கே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். கொதிக்கிற வெந்நீரைத் தவிர வேறெதையும் அவன் வாயில் வைப்பதில்லை என்று கேள்வி.

வீட்டில் மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. கணவரின் பாய் மட்டும் உள்ளே வந்தது. அவர் அலமாரியிலிருந்த நகக் குப்பியை எடுத்து வந்து நீட்டினார்.

“ஆள்தான் தெரிஞ்சுபோச்சே. பேர மாத்தி ஒட்டிடும்மா, என் மானம் அலமாரில உட்கார்ந்திருக்கு.”

“தூக்கிப் போடுங்க முதல்ல. கையக் கழுவுங்க.”

“புது நம்பர்?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சொன்னாள். அவர் வேண்டுமென்றே நகத்தைக் கடித்துக்கொண்டே மனப்பாடம் செய்தார்.

மறுநாள் ஐந்தரை மணி. ஸ்பிரிட் அக்கா காரின் முன் நின்றாள். பஞ்சை நனைத்தாள். முதல் பொத்தான், இரண்டாவது, மூன்றாவது. கை பழக்கத்தில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு நான்காவதைத் துடைத்தாள். பஞ்சு கரியாக வந்தது. எத்தனை பேரின் விரலோ, எத்தனை மழையின் சேறோ, எந்தப் பறவையின் எச்சமோ. ஐந்தாவதில் ஏதோ பிசுபிசுத்தது. அது என்னவென்று பார்க்க அவள் குனியவில்லை. தான் ஒருநாளும் தொடப்போகாத அந்த இரண்டு பொத்தான்களை, இனி உயிருள்ளவரை தினமும் துடைக்க வேண்டும் என்று நினைத்தபோது வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, எண்ணை அழுத்தினாள்.