போஸ்டரில் ஏழு தகடு

வீட்டில் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவார்கள், கடைக்குட்டி. வேலை செய்யும் இடத்தில் எங்கள் முதலாளி அதற்கு முன்னால் ஒரு 'பெரிய' சேர்த்துப் பெரிய பாப்பா ஆக்கிவிட்டார். வேஷம் போடுகிற கூட்டத்தில் அவளுக்குக் கவசக்கா என்று பெயர். மூன்றில் அந்தக் கடைசிப் பெயர்தான் அவள் தன் கையால் சம்பாதித்தது. அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் கூடத்தில் எனக்கும் அவளுக்கும் அடுத்தடுத்த மேசை. முன்பின் பார்த்திராதவர்களின் வாய் அச்சு டப்பாக்களில் வரும். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக எடுத்து வரிசை வைக்க வேண்டும். கவசக்கா செய்த பல்செட் சரியில்லை என்று திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. என்னுடையது மாதம் ஒன்றாவது வரும். அவளே வாங்கி, ராவி, என் பெயரிலேயே திருப்பி அனுப்புவாள்.

சின்ன வயதிலிருந்தே கனத்த உடம்பு. ஒருநாள் சக்கரம் வைத்த ஸ்டூல் அவளோடு சரிந்தது. மறுநாள் வீட்டிலிருந்து இரும்பு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஸ்டூலுக்கு உடம்பு முடியல, லீவு குடுத்துட்டேன்" என்றாள். கூடமே சிரித்தது. யாரும் வாயைத் திறப்பதற்கு முன் தன்னைப் பற்றித் தானே ஒன்று சொல்லிவிடுவது அவள் வழக்கம். எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதவள் என்று எல்லோரும் நினைத்தோம். ஆறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காஸ்பிளே என்பது அவளுடைய சித்தி மகள் வழியாக வந்தது. விளையாட்டுகளிலும் படக்கதைகளிலும் வரும் ஆட்களைப் போல உடையும் ஆயுதமும் செய்து போட்டுக்கொண்டு வருஷத்துக்கு ஒரு முறை பெரிய மண்டபத்தில் கூடுவார்கள். சித்தி மகளின் தலைக்கவசம் கூடுகைக்கு முந்தின வாரம் உடைந்துபோனது. கவசக்கா அதை வாங்கி, பல்லுக்குப் பூசுகிற பிசினை வைத்து ஒட்டி, ஒட்டின இடமே தெரியாமல் தேய்த்துக் கொடுத்தாள். அவ்வளவுதான், ஒருவர் சொல்லி ஒருவர் வர ஆரம்பித்தார்கள். ஃபோம் ஷீட்டை வெட்டி, சூடான காற்றைக் காட்டி வளைத்து, இரும்பு போல வண்ணம் அடிப்பதை ஒரே வருஷத்தில் கற்றுக்கொண்டாள். அவள் கட்டிலில் பாதியை யாராவது ஒருவருடைய மார்புக் கவசம் அடைத்துக்கொண்டிருக்கும். ஐந்து வருஷத்தில் நாற்பது பேருக்காவது செய்திருப்பாள். தனக்கென்று ஒன்றும் செய்யவில்லை.

அப்படியிருந்தவள் தனக்கும் செய்துகொள்ளக் காரணம் ஒரு பெண். அளவு கொடுக்க வந்தவள், நல்ல மனசோடுதான் சொன்னாள், கவசக்காவும் ஒரு தடவை வேஷம் போட்டுக்கொண்டு வரலாமே என்று. பிறகு இவளுக்கு எது பொருந்தும் என்று யோசித்து விரல்விட்டு எண்ணினாள். ஒரு கரடி. ஒரு பன்றித்தலை அரக்கன். சமையல்காரக் கிழவி ஒருத்தி. கவசக்கா சிரித்துக்கொண்டே அவளுடைய தோள் அளவைக் குறித்துக்கொண்டாள். மறுநாள் மெழுகை உருக்கிக்கொண்டே என்னிடம், சாம்பல் தளபதியைச் செய்யப்போகிறேன் என்றாள்.

அது செல்போன் விளையாட்டு ஒன்றில் வருகிற பெண் தளபதி. படத்தைக் காட்டினாள். இடுப்பு வளையல் அளவுதான் இருந்தது.

"இவ்ளோ எடத்துல கொடலை எங்கக்கா வெச்சிருப்பாங்க?" என்று கேட்டேன்.

"படையில யார்கிட்டயாவது குடுத்து வெச்சிருப்பாங்க" என்றாள்.

நாலு மாதம் பிடித்தது. மற்றவர்களுக்குச் செய்த அச்சையே பெரிதாக வெட்டினால் முன்பக்கம் பீப்பாய் மாதிரி நின்றது. உட்கார்ந்தால் கழுத்தில் இடித்தது. இரண்டு முறை செய்து இரண்டையும் தூக்கிப் போட்டாள். மூன்றாவது முறை, வயிற்றை மறைக்கப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புவரை நெட்டுக்குத்தாகப் பதினொரு தகடு, ஒன்றின் ஓரம் இன்னொன்றின் மேல் ஏறுகிற மாதிரி. மூச்சு விட்டால் விரிந்து சுருங்கும். உட்கார்ந்தால் ஒன்றன்கீழ் ஒன்று நழுவும். எனக்கு உட்கார்ந்து, எழுந்து, குனிந்து காட்டினாள். அன்றைக்கு அவள் தன்னைப் பற்றி ஒரு கேலியும் சொல்லவில்லை.

கூடுகையன்று வார்களை மாட்டிவிட நானும் போனேன். கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று முதுகு வார்களை இழுத்துக் கட்டினேன். தலைக்கவசம் மூக்குவரை மறைத்தது. வெளியே வந்தபோது கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. சிலர் சிரித்தார்கள். "தளபதி படையையே சாப்ட்டுட்டாங்க போல" என்று ஒருவன் பின்னாலிருந்து சொன்னது எனக்கே கேட்டது, அவளுக்குக் கேட்காமல் இருக்காது. அவள் நடை மாறவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்து படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அமைப்பாளர்களின் புகைப்படக்காரர் அவளை மேடைப் படியில் நிற்க வைத்து, விளக்கைத் திருப்பி, வெகுநேரம் எடுத்தார். வாள்மேல் ஒரு கை, இடுப்பில் ஒரு கை, வயிறு முன்னால் தள்ளி நின்றாள். நின்ற விதத்தில் கூச்சமே இல்லை. வீட்டுக்குப் போகிற வண்டியிலும் கவசத்தைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள். ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஏழெட்டு மாதம் கழித்து அமைப்பாளரிடமிருந்து அழைப்பு வந்தது. அடுத்த கூடுகைக்கு 'எல்லா உடம்புக்கும் இங்கே இடம் உண்டு' என்று ஒரு போஸ்டர் போடப் போகிறார்களாம். அதில் அவள் படம், அவள் படம் மட்டும். மேசைக்கடியில் ஒரு நிமிஷம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று முழுக்க முன்பல்லையும் கடைவாய்ப்பல்லையும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

போஸ்டர் முதலில் என் போனுக்குத்தான் வந்தது. பார்த்தவுடனே, "அக்கா, செமயா இருக்கீங்க" என்று போனை அவளிடம் நீட்டினேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

அவள் வாங்கிப் பார்த்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"எண்ணிப் பாரு" என்றாள்.

எதை என்று எனக்குப் புரியவில்லை. வயிற்றுத் தகட்டைக் காட்டினாள். எண்ணினேன். ஏழு இருந்தது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, இருந்த சுவடே இல்லாமல் போயிருந்தன. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. மேல்கை பாதியாகியிருந்தது. தலைக்கவசத்துக்குக் கீழே இரட்டைத் தாடை ஒற்றைத் தாடையாகியிருந்தது. கொஞ்சம் பூசின உடம்பு, அவ்வளவுதான். யாரும் திரும்பிப் பார்க்காத உடம்பு. மேலே கொட்டை எழுத்தில் எல்லா உடம்புக்கும் இடம் உண்டு.

அமைப்பாளருக்கு என் முன்னால்தான் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். அவர் தன்மையான மனிதர், குரலே உயராது. வரைகலைக்காரர் எல்லாப் படத்துக்கும் செய்கிறதைத்தான் இதற்கும் செய்திருக்கிறார், கொஞ்சம் சீராக்குவது, அதில் வேறு எண்ணமே இல்லை என்றார்.

"இல்ல சார், அது நான் இல்ல" என்றாள்.

"நீங்கதாங்க்கா. உங்க கவசம், உங்க போஸ். உங்கள நல்லாக் காட்டணும்னுதானே பண்ணாங்க."

"நான் இருக்கிற மாதிரி காட்டுறதுக்குத்தானே கேட்டீங்க."

வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் முந்நூறு போஸ்டர் அச்சாகிவிட்டது, ஊர் முழுக்க ஒட்டியும் ஆயிற்று, அடுத்த தடவை அவளிடம் காட்டாமல் எதுவும் செய்ய மாட்டோம் என்றார். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று வரைகலைக்காரர் நினைத்தார் என்றும் சொன்னார். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். "சரி சார்" என்று வைத்துவிட்டாள்.

இதைவிடப் பெரியது வீட்டில் காத்திருந்தது. அவளுடைய அம்மாவுக்கு முழங்கால் வலி, அத்தோடு கண்ணில் புரை. இருபது வருஷமாக மகளின் தட்டைப் பார்த்து, 'ஒரு சுத்து கொறஞ்சாப் போதும்டி' என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தவர். சித்தி மகள் போஸ்டர் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அம்மா கண்ணுக்கு மிக அருகே வைத்துப் பார்த்திருக்கிறார். பிறகு முழங்கால் வலியோடு கடைத்தெருவரை நடந்து போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்து, முன்னறையில் டிவிக்கு மேலே மாட்டச் சொல்லியிருக்கிறார். கவசக்கா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது படம் சுவரில் இருந்தது.

"எம் பொண்ணு எவ்ளோ லட்சணமா இருக்கா பாரு" என்று அவளிடமே சொன்னாராம். "நான் கண் மூடுறதுக்குள்ள இத பாத்துட்டேன்."

சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று நான் கேட்டேன். "சொல்லி?" என்றாள்.

அந்த வருஷக் கூடுகைக்கு அவள் போக வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் போயே தீருவேன் என்றாள். நேரில் பார்த்தால் ஜனங்களுக்குத் தெரியும் என்று நம்பினாள். பதினொரு தகட்டையும் மறுபடி வண்ணம் அடித்துக்கொண்டு வந்தாள். வாசலில் ஆள் உயரத்துக்கு அந்தப் போஸ்டர் நின்றிருந்தது. நுழைவுச்சீட்டு பார்க்கிற பெண் அதையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போஸ்டர்ல இருக்கிறவங்க மாதிரியே ட்ரை பண்ணியிருக்கீங்களா, சூப்பர்" என்றாள்.

"அவங்கதான் இவங்க" என்றேன் நான்.

அந்தப் பெண் மரியாதைக்குச் சிரித்தாள். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டாள். எங்கள் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நகர்ந்தோம்.

உள்ளே போவதற்கு முன் இரண்டு பேர் ஓடிவந்து, போஸ்டருக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு படம் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். அவள் சந்தோஷமாக நின்றாள், அதே போஸில். நான்தான் அவர்கள் படம் தெளிவாக வரட்டும் என்று கொஞ்சம் வெளிச்சத்துக்கு நகரச் சொன்னேன்.

மத்தியானத்துக்குள் அந்தப் படம் எல்லாப் போனிலும் இருந்தது. போஸ்டருக்கு மேல் 'ஆர்டர் போட்டது' என்றும் அவளுக்கு மேல் 'டெலிவரி ஆனது' என்றும் எழுதியிருந்தார்கள். மண்டபத்துக்குள்ளேயே ஆட்கள் போனையும் அவளையும் பார்த்தார்கள். ஓரமாக உட்கார்ந்து அவள் அதன் கீழே 'ரெண்டும் நான்தான்' என்று எழுதினாள். ஐந்து நிமிஷத்தில் அதற்கு நூறு பேர் சிரித்து வைத்தார்கள். ஒருவர், 'கனவு காணலாம் அக்கா, தப்பில்ல' என்று எழுதியிருந்தார். போன கூடுகையில் எடுத்த பழைய படத்தைத் தேடிப் போட்டேன். அதுதான் எடிட் செய்து குண்டாக்கியது என்றார்கள்.

மறுநாள் அமைப்பாளர்கள் அறிக்கை விட்டார்கள். உடம்பை வைத்து யாரையும் கேலி செய்வதை ஏற்க மாட்டோம் என்று உருக்கமாக இருந்தது. அறிக்கைக்கு மேலே அதே போஸ்டரைத்தான் போட்டிருந்தார்கள்.

இரண்டு மூன்று நாளில் உறவுக்காரர் யாரோ அந்தக் கேலிப் படத்தை அம்மாவின் போனுக்கும் அனுப்பிவிட்டார். அம்மா போனைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு பார்த்திருக்கிறார். கவசக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒன் படத்துக்குப் பக்கத்துல யாருடி இது?" என்று அம்மா கேட்டார். "ஒன்ன மாதிரி போட்டுக்கிட்டு வந்திருக்கு. எல்லாரும் சிரிக்கிறாங்களாமே. பாவம், யாரு பெத்த பொண்ணோ."

"யாரோம்மா" என்றாள் கவசக்கா.

மறுநாள் கூடத்தில் கீழ்வரிசைப் பல் வைத்துக்கொண்டே இதை எனக்குச் சொன்னாள். அம்மாவுக்கு நிஜமாகவே தெரியவில்லையா, தெரிந்துதான் கேட்டாரா என்று தெரியவில்லை என்றாள். எனக்கும் தெரியவில்லை. பல் நேராகத்தான் உட்கார்ந்தது.

கவசம் இப்போது என் வீட்டுப் பரணில் இருக்கிறது. தன் வீட்டில் இருந்தால் அம்மா என்றைக்காவது தடவிப் பார்த்து அளவைக் கண்டுபிடித்துவிடுவார் என்று அவளே கொண்டுவந்து கொடுத்தாள். இந்த வருஷமும் கூடுகை நடந்தது. போஸ்டரில் வேறு யாரோ இருந்தார்கள். கவசக்கா சாதாரண உடையில் வந்து, பின்பக்க மேசையில் பசையும் கத்தரியுமாக உட்கார்ந்து, அறுந்த வார்களையும் ஒட்டு விட்டுப்போன தோள் தகடுகளையும் நாள் முழுக்க ஒட்டிக் கொடுத்தாள். ஒரு பெண் நின்று, "நீங்க எப்பக்கா வேஷம் போடுவீங்க?" என்று கேட்டாள். கவசக்கா பசை காய்கிறவரை அந்த வாரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆள் வந்ததும் அந்தப் பெண் நகர்ந்துவிட்டாள்.