பூனையின் வாயும் தண்ணிக் கோப்பையும்

மீன்காரருடைய ஹோன் சத்தம் கேட்டால் எங்கட பூனை எங்கே கிடந்தாலும் எழும்பி வந்துவிடும். அவர் மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கெலிஓயாப் பக்கமிருந்து எங்கட ஏற்றத்தில் ஏறும்போதே அது கேட்டடியில் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துத்தான் என்ட மனுசன் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு சட்டியை எடுப்பார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். பூனைதான் அவருக்கு ஹோன்.

அந்தப் பூனை ஒரு நாள் வந்தது, மீன் தலையை மணந்தது, வாயை வைத்தது. வைத்த உடனே ஒரு கத்து. பின்னுக்குப் பாய்ந்து முன்காலால் வாயைச் சுரண்டு சுரண்டென்று சுரண்டியது. பிறகு மீன் தலைக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டு அதைப் பார்த்தபடி இருந்தது. பசி இருக்கிறது, தின்ன ஏலாது. 

"முள்ளு சிக்கியிருக்கும்" என்றார் மனுசன்.

எங்கட வீட்டில் யாருக்குத் தொண்டையில் முள் போனாலும் என்னிடம்தான் வருவார்கள். பூனையைத் துவாயால் சுற்றிப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தேன். முள் இல்லை. கடைவாய்க்குப் பின்னால் மிளகாயை அரைத்துப் பூசியது போல ஒரே சிவப்பு. நாற்றமென்றால் அப்படியொரு நாற்றம். மஞ்சள் தண்ணி தொட்டு வைத்தேன். கையைக் கீறிவிட்டுப் போய் அலுமாரிக்கு மேலே ஏறிக்கொண்டது. சோற்றைக் கரைத்துக் கொடுத்தேன். மீனை மசித்துக் கொடுத்தேன். நக்கும், கத்தும், ஓடும். முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படத் தொடங்கிய பிறகுதான், கூடையில் போட்டு மூடியைக் கயிற்றால் கட்டி, ஓட்டோவில் பேராதனைப் பக்கம் இருக்கிற மிருக டொக்டரிடம் கொண்டு போனோம்.

டொக்டர் சின்ன வயதுப் பொம்பிளைப் பிள்ளை, சிங்களம். தமிழும் கொஞ்சம் கதைக்கும். நான் மனுசனுடைய கடையில் நின்று பழகினவள், சிங்களம் எனக்கு நன்றாக வரும். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் கதைக்கிற விசயத்தில் எனக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. அந்தப் பிள்ளைதான் தமிழில் பேச ஆசைப்பட்டது, விட்டுவிட்டேன்.

"அம்மா, இது முள் இல்ல. இதுட உடம்பே இதுட பல்லு முரசோட சண்டை பிடிக்குது."

"என்னத்துக்குச் சண்டை?"

"அது சரியாத் தெரியாது."

ஒரு டொக்டர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு மருந்து எழுதிய டொக்டர்மார் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு அந்தப் பிள்ளை மேல் ஒரு விருப்பமும் வந்தது, ஒரு சந்தேகமும் வந்தது.

இரண்டு வழி இருக்கிறதாம். ஒன்று, மயக்க மருந்து கொடுத்துப் பல்லை எல்லாம் பிடுங்கிவிடுவது. நிறையப் பூனைகளுக்கு அதிலே சுகம் வருமாம், சிலதுக்கு வராதாம். எங்கட பூனைக்கு வயசாகிவிட்டது. பேத்தி பள்ளிக்கூடம் சேர்ந்த வருசம் வந்தது, அவள் இப்போது கம்பஸ் போகிறாள். இரத்தம் பார்த்ததில் கிட்னியும் கொஞ்சம் பலவீனம். மயக்கத்திலேயே மௌத்தாகிவிடும் என்ற பயம் இருக்கிறது. மற்ற வழி, ஸ்டீரொயிட் குளிசை. வாய் ஆறும், தின்னும். ஆனால் நெடுக எடுத்தால் நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வரலாம், வேறு நோய்க் கிருமி வந்தால் உடம்பு தாங்காது. தொடங்கினால் சட்டென்று நிற்பாட்டவும் கூடாது.

"உங்கட பூனை என்டா என்ன செய்வீங்க, மிஸ்?" என்று கேட்டேன்.

பிள்ளை கூடைக்குள் பார்த்தது. "எனக்கும் யோசிக்கத்தான் வேணும், அம்மா." குளிசையைத் தந்து, எப்படிக் கொடுப்பதென்றும் காட்டி, வீட்டில் முடிவெடுக்கச் சொன்னது.

அந்தச் சொல், அதுதான் ஸ்டீரொயிட், எனக்குப் புதிது இல்லை. இழுப்பு வந்து மூச்சு விட ஏலாமல் கிடந்த காலத்தில் எனக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். சின்ன வெள்ளைக் குளிசை, நடுவிலே ஒரு கோடு. நான் மருந்தைப் பெயரால் அறிவதில்லை, முகத்தால் அறிவேன். அதைப் போட்டுச் சில நாளிலேயே மூச்சு வந்தது. தொழுகைக்குக் குனிந்து எழும்ப ஏலுமாக இருந்தது. கூடவே பசி வந்தது, முகம் வட்டமாக ஊதியது. ஒரு கலியாண வீட்டில் எல்லோரும் "மாஷா அல்லாஹ், நல்ல தெம்பா ஈக்கிறீங்க" என்றார்கள். நானும் பெருமையாக உட்கார்ந்து பிரியாணி தின்றேன். அது தெம்பு இல்லை, வீக்கம். பிறகு சீனி வந்தது. குளிசை போய்விட்டது, சீனி போகவில்லை, இன்றைக்கும் இருக்கிறது. இப்போது அந்த மருந்து எனக்கு நல்லது செய்ததா கெட்டது செய்ததா என்று கேட்டால் நான் என்ன சொல்வது? அது இல்லாவிட்டால் இதைச் சொல்ல நான் இல்லை. அது இருந்ததால்தான் ஒரு மாம்பழத் துண்டுக்கும் நான் மனுசனிடம் பேச்சு வாங்குகிறேன்.

எனக்கென்றால் நான் கையை நீட்டி வாங்கினேன். பூனையிடம் கேட்க ஏலுமா?

வீட்டுக்கு வந்தால் தங்கச்சி வந்து கதிரையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீடுதான், செய்தி அவளுக்கு எங்களுக்கு முந்தியே வந்துவிடும்.

"பல்லைப் புடுங்கி உடுங்க ராத்தா. நான் எல்லாப் பல்லையும் புடுங்கிட்டு இன்னும் கொத்து ரொட்டி திங்கிறேனே."

"நீ கட்டுப்பல்லு வச்சீக்கிறாய். பூனைக்கு யாரு வைக்கிற?"

"அப்ப குளிசையைக் குடுங்க. ஒங்களுக்குச் சீனி வந்த மாதிரி அதுக்கும் வரட்டும். ரெண்டு பேரும் ஒரே கிளினிக்குக்குப் போகலாம்."

மனுசன் இதைக் கேட்டுவிட்டார். வேண்டாததெல்லாம் அவருக்குக் கேட்கும். "செலவு குறையும்" என்றார்.

சிரித்தோம். ஆனால் பூனை அடுப்படி வாசலில் வாயிலிருந்து நூல் போல எச்சில் வடிய உட்கார்ந்திருந்தது. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்டு நரகத்துக்குப் போன பொம்பிளையின் கதை எங்கட வீடுகளில் எல்லோருக்கும் தெரியும், சின்ன வயதிலிருந்து மார்க்க பயானில் கேட்டு வளர்ந்தோம். நான் கட்டிப்போடவில்லை. ஆனால் மருந்து கையில் இருக்கும்போது கொடுக்காமல் விட்டால் அதுவும் பட்டினி போட்டதுதானே? கொடுத்து வேறு நோயை உண்டாக்கினால் அதற்கு என்ன பெயர்? இரண்டு பக்கமும் யோசித்து யோசித்து அன்றைக்கு ஆணத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். எனக்கு அப்படி நடக்கிறதில்லை.

கடைசியில் பிஸ்மி சொல்லி, டொக்டர் பிள்ளை காட்டியபடி பாதிக் குளிசையை மீன் உருண்டைக்குள் வைத்துக் கொடுத்தேன். நல்லதென்று தெரிந்து கொடுக்கவில்லை. பசியைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏலவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த தரம் மீன்காரர் வந்தபோது அது கும்பளா மீன் தலையை எலும்போடு தின்றது. கறக் கறக்கென்று அந்தச் சத்தம் முன் அறை வரைக்கும் வந்தது. மனுசனுக்கே கேட்டது. நான் தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன், நானே மருந்து கண்டுபிடித்த மாதிரி.

அந்தப் பெருமை கொஞ்ச நாள்தான். பூனை தண்ணி குடிக்கத் தொடங்கியது. முந்தி அது கோப்பையில் தண்ணி குடித்து நான் கண்டதே அபூர்வம். இப்போது குனிந்தால் நிமிராது. கோப்பையின் உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு கீறி, கோடு வரைக்கும் நிரப்பி வைத்தேன். பின்னேரம் பார்த்தால் அடி தெரியும். எனக்குச் சீனி வந்த காலத்தில் நானும் இப்படித்தான் குடத்தோடு நின்றேன்.

அதோடு எறும்பும் வந்தது. பின்வாசலில் பூனைக்கு மணல் போட்டு வைத்த பேசினில் வரிசையாக எறும்பு.

என்ட வாப்பாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறதென்று எங்களுக்கு முதலில் சொன்னது டொக்டர் இல்லை, எறும்பு. அவர் ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததை உம்மா கண்டுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா. அதனால் பேசினைப் பார்த்த உடனே மனுசனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மழை வரப் போகுது, எறும்பு எல்லா இடமும் ஈக்கி. சீனிப் போத்தலைப் பாரு" என்றார் மனுசன்.

"சீனிப் போத்தல்ல சீனி ஈக்கி, வரும். மணல்ல என்ன ஈக்கி?"

தங்கச்சி வந்து குனிந்து பார்த்துவிட்டு, "சந்தேகமே இல்லை ராத்தா, சீனிதான். நிற்பாட்டுங்க அந்தக் குளிசைய" என்றாள். அவள் சந்தேகமே இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சட்டென்று நிற்பாட்டக் கூடாது என்று அந்தப் பிள்ளை சொன்னதும் ஞாபகம் இருந்தது. மறுபடியும் கூடை, கயிறு, ஓட்டோ.

காதில் ஒரு குத்துக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார்கள். பூனை அந்த இடத்தையே தலைகீழாக்கியது. டொக்டர் பிள்ளை அந்தச் சின்ன மெசினைப் பார்த்தது.

"சீனி கொஞ்சம் கூட இருக்கு."

"யா அல்லாஹ். எறும்பு சொன்னது சரி."

"இல்ல அம்மா, கேளுங்க. பூனைக்குப் பயம் வந்தாலே சீனி ஏறும். இப்ப நல்லாப் பயந்து போயிருக்கு."

"அப்ப இது குளிசைச் சீனியா, பயச் சீனியா?"

"அதுதான் இப்ப சொல்ல ஏலாது."

"தண்ணி குடிக்கிறது?"

"குளிசை போட்டாலே தண்ணி குடிக்கும். சீனி வந்தாலும் குடிக்கும்."

மனுசன் பக்கத்திலிருந்து, "எனக்கும் டொக்டர்மாரப் பார்த்தா பிரஷர் ஏறுது, மிஸ். வீட்டுல வந்து பாருங்க, எறங்கி ஈக்கும்" என்றார். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்க்கிற எல்லாவற்றுக்கும் இரண்டு அர்த்தம் இருந்தால் மனிசர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

வீட்டில், பயமில்லாத நேரத்தில், பூனையின் மூத்திரத்தைப் பார்க்கச் சொன்னது பிள்ளை. பேசினில் மணலுக்குப் பதிலாகக் கழுவிக் காயவைத்த சின்னக் கல் போட்டால் மூத்திரம் ஊறிப் போகாமல் அடியில் நிற்குமாம். தோய்த்துப் பார்க்கக் கடதாசித் துண்டும், எந்த நிறத்துக்கு எவ்வளவு சீனி என்று காட்டுகிற ஒரு படமும் தந்தது. எழுத்து இல்லை, நிறம்தான். நிறம் பார்க்க எனக்கு யாருடைய உதவியும் வேண்டாம்.

பூச்சாடியில் கிடந்த வெள்ளைக் கல்லை எல்லாம் எடுத்துக் கழுவினேன். பூனைக்குக் கல் பிடிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கறிவேப்பிலை மரத்தடிக்குப் போனது. கதவைச் சாத்தி வைத்தேன். அது கத்த, பயந்தால் சீனி ஏறும் என்று உடனே திறந்து விட்டேன். மனுசன் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டு, "நமக்குப் புள்ளைகள் ஆஸ்பத்திரியில பொறந்தப்போகூட நீ இவ்வளவு பாடுபடல்ல" என்றார். அடுத்த நாள் விடியத்தான், நான் பார்க்காத மாதிரி நின்றபோது, அது கல்லில் ஒண்ணுக்கு இருந்தது.

கடதாசியைத் தோய்த்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். நிறம் மாறவில்லை. படத்தோடு வைத்துப் பார்த்தேன், மனுசனுக்கும் காட்டினேன். மாறவில்லைதான். அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு டெலிபோன் எடுத்தேன்.

"அப்ப இப்போதைக்குச் சீனி இல்ல, அம்மா. நல்லது."

"இனி வராதா?"

"வரலாம். அடிக்கடி பார்க்கணும். மருந்தையும் நான் சொல்ற மாதிரி மெதுவாக் குறைப்போம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுங்க. வாய் எவ்வளவு தாங்குது என்று பார்ப்போம்."

"எறும்பு?"

"எறும்பைப் பற்றி எனக்குத் தெரியாது, அம்மா."

இரண்டாம் தரமும் தெரியாது. நானே பார்த்துவிடுவோம் என்று பூனையின் பேசினில் பழைய மணலைத் திரும்பப் போட்டு, பக்கத்தில் இன்னொரு பேசினில் பூனை தொடாத புது மணல் போட்டு வைத்தேன். எறும்பு இரண்டுக்கும் போனது. மழை பெய்து விட்ட பிறகு இரண்டிலும் இல்லை. அப்படியென்றால் எறும்புக்கு ஒன்றும் தெரியாதா? வாப்பாவின் விசயத்தில் சரியாகச் சொன்னதே. ஒருவேளை அன்றைக்கும் சும்மாதான் வந்ததோ, சீனியும் சும்மா அதே நேரம் வந்ததோ? உம்மாவிடம் கேட்க இப்போது உம்மாவும் இல்லை.

அதனால் இப்போது எங்கட வீட்டில் குளிசை நாள் ஒன்று, குளிசை இல்லாத நாள் ஒன்று. குளிசை நாளில் தண்ணிக் கோப்பையைப் பார்க்கிறேன். இல்லாத நாளில் வாயைப் பார்க்கிறேன். இடையில் என்ட குளிசையையும் போட்டுக்கொள்கிறேன். தங்கச்சி கேட்கிறாள், "எது நல்லது என்டு இப்ப விளங்கிட்டா?" நான் பேச்சை மாற்றிவிடுவேன். விளங்கவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

இன்றைக்குக் குளிசை இல்லாத நாள். மீன்காரர் ஹோன் அடித்தார். பூனை வாலைத் தூக்கிக்கொண்டு போனது, மனுசன் அதன் பின்னால் சட்டியோடு போனார். நான் ஒரு கும்பளாத் துண்டை அவித்து முள் எடுத்து வைத்தேன். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, ஒரு கடைவாயால் மெதுவாக மென்றது. கத்தவில்லை. பாதியில் நிற்பாட்டியது. எழும்பிப் போய்த் தண்ணி குடித்தது, நிறையக் குடித்தது.

"மீன் தின்னா தண்ணி குடிக்கத்தான் செய்யும்" என்றார் மனுசன். "நீயும்தான் குடிக்கிறாய்."

"எனக்குத்தான் சீனி ஈக்கே."

நான் கோப்பையை எடுத்து மறுபடியும் கோடு வரைக்கும் நிரப்பி, சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். பூனை மீசையை நக்கிக்கொண்டு என் காலைச் சுற்றி வந்து, மிச்ச மீனுக்குத் திரும்பிப் போனது.