அமுக்குணியின் ஐந்து மாதங்கள்

எங்கள் சலவைக்கூடத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் தங்காது. எனக்கு ஓட்டைவாய். என்னோடு பதினோரு வருஷமாகப் படுக்கைவிரிப்பு மடிக்கிறவளுக்கு அமுக்குணி. இரண்டுமே காரணப் பெயர்கள்தான், கோபித்துக்கொள்ள வழியில்லை.

பெரிய ஹோட்டலின் அடித்தளம் அது. ஜன்னல் கிடையாது. சூடான உருளைக்குள் போய் வெளியே வரும் விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு என்றால் நானூறு தடவை அவள் முகம் என் முகத்துக்கு எதிரே வரும். கட்டின புருஷன் முகத்தைக்கூட நான் அத்தனை தடவை பார்த்ததில்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு விலக்கான நாட்களில் ஏப்ரன் முடிச்சை முதுகுப்பக்கம் போடாமல் வயிற்றுப்பக்கம் போட்டுக்கொள்வோம். ஜோடிக்காரி அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், ஈரத்துணிக் கூடைகளை எல்லாம் தானே தூக்கிவிடுவாள். சூப்பர்வைசரம்மாவுக்கு இந்த விஷயம் இன்றைக்கும் தெரியாது.

ஐந்து மாதமாக அமுக்குணியின் முடிச்சு முன்னால் வரவில்லை. முகம் திடீரென்று சிவக்கும், கழுத்தெல்லாம் வியர்த்து ஊற்றும். ராத்திரி தூக்கமில்லை என்பாள். பூனை மாதிரி இருந்தவள் சின்ன விஷயத்துக்கும் சீறினாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், பிள்ளையில்லை, வயது முப்பத்தெட்டு. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"அடியே, எத்தனை மாசம்?" என்று கேட்டேன்.

அவள் விரிப்பின் முனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று நானே முடிவுகட்டினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் இருபத்திரண்டு பேருக்கும் சொல்லியாயிற்று. சாயந்தரம் அவளைக் கூட்டிப்போக வந்த வீட்டுக்காரரையும் விடவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், பரம சாது. "இன்னும் உங்ககிட்ட சொல்லலையா? இனிமே வண்டியைக் குலுக்காம ஓட்டணும் தம்பி!" என்று அவர் ஜன்னலைத் தட்டிச் சொன்னேன். அந்த மனுஷன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை அடுத்தவளைக் கெடுத்தது.

பிள்ளைத்தாச்சி உருளைச் சூட்டில் நிற்கக் கூடாதென்று சூப்பர்வைசரம்மா அவளைத் துண்டு மடிக்கும் அறைக்கு மாற்றிவிட்டார். அதுவும் என் சிபாரிசுதான். அந்த அறையில் ஒரு மேசை, ஒரு ஆள், அவ்வளவுதான். போகிறவர்கள் வருகிறவர்கள் தலையை நீட்டி, "நல்லா சாப்பிடு, ரெண்டு உயிர்!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் தலையை ஆட்டுவாள்.

ஐந்தாறு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு என்கூட வர்றியா?" என்றாள். ஸ்கேன் பார்க்கத்தான் என்று நினைத்து, பைநிறைய சாக்லேட் வாங்கிக்கொண்டு போனேன். அட மூதேவியே என்று இப்போதும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

டாக்டரம்மா இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "போன மாசம் எடுத்ததும் இதுவும் ஒரே மாதிரிதான் இருக்கு. சினைப்பை வேலையை நிறுத்திக்கிட்டு வருதும்மா. சாதாரணமா அம்பது வயசுக்கிட்ட நடக்கிறது உங்களுக்கு முன்னாடியே வந்திருக்கு."

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்றாள் அமுக்குணி.

"ஒரு தப்பும் இல்ல. முக்கால்வாசிப் பேருக்கு காரணமே தெரியாது. ஆனா இதை இப்படியே விடக் கூடாது. இந்த ஹார்மோன் இல்லாம எலும்பு சீக்கிரம் தேயும், இதயத்துக்கும் நல்லதில்ல. மாத்திரை தர்றேன். அம்பது வயசு வரைக்கும் போடணும். சூடு அடங்கிடுச்சேன்னு நடுவுல நிறுத்தாதீங்க. தினமும் நடங்க, வெயில்ல கொஞ்சம் நில்லுங்க."

"பிள்ளை?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "எப்பவாவது ஒருத்தருக்கு தானா தங்கலாம். ஆனா அதையே நம்பி உக்காந்திருக்காதீங்கன்னுதான் சொல்லுவேன். வேற வழியும் இருக்கு, வீட்டுக்காரரோட வாங்க, பேசலாம்."

போன மாசம் என்ற வார்த்தை எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மாதமாக இவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்தத் துண்டு அறையில், வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பஸ் நிறுத்தத்தில் அவள் காலில் விழாத குறையாக, "ஏண்டி என்னை செருப்பால அடிக்கல? அன்னைக்கே இல்லைன்னு சொல்லியிருக்கலாமே!" என்றேன்.

"அன்னைக்கு எனக்கே ஒரு ஆசை இருந்துச்சு. நீ சொன்னதைக் கேக்க நல்லா இருந்துச்சு." துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்தாள். "அப்புறம் எல்லாரும் எவ்வளவு சந்தோஷப்பட்டாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயா போயி இல்லைன்னு சொல்ல என்னால முடியலடி."

அழுதது நான்தான். அவள் அழவில்லை.

"ஊருக்கெல்லாம் நீதானே சொன்ன? இதையும் நீயே சொல்லிடு. அவர்கிட்ட மட்டும் வேணாம், அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

மறுநாள் சொன்னேன். அந்த இருபத்திரண்டு பேரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொன்னேன். என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் எனக்கு வார்த்தை கிடைக்காமல் போனது. "நிம்மதிதானே, மாசாமாசம் தொல்லை விட்டுச்சு" என்று இஸ்திரிக்காரி ஒருத்தி சொல்ல, கையிலிருந்த கூடையை அவள் காலடியில் போட்டுவிட்டு வந்தேன். சூப்பர்வைசரம்மா மட்டும் உருளைப் பக்கம் ஒரு பெரிய மின்விசிறியை இழுத்து வைத்தார். அமுக்குணி பழையபடி என் எதிரே வந்து நின்றாள். விரிப்பின் முனைகள் சேரும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் வீட்டில் சொல்லவில்லை. ஒரு வாரம் போனது. இரண்டு வாரமும் போனது. மாத்திரையை என் லாக்கரில் வைத்துத்தான் போட்டுக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை சாயந்தரம் வேன்காரர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "அக்கா, தெரிஞ்சவர் ஒருத்தர் தொட்டில் தர்றாராம், புதுசு மாதிரி இருக்கு. இவகிட்ட கேட்டா பதிலே இல்ல. இப்பவே வாங்கி வைக்கலாமா?"

என் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஓட்டைவாய் என்று பெயர் வைத்தவர்கள் அன்றைக்கு என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

"என்னக்கா, நீங்களும் பேச மாட்டேங்கறீங்க?" என்றார் அவர். சிரிப்பு மெல்லக் குறைந்தது.

பின்னாலிருந்து அமுக்குணி வந்தாள். "வண்டியை ஓரமா நிறுத்துங்க" என்று சொல்லி ஏறிக் கதவைச் சாத்தினாள்.

நான் இருபதடி தள்ளி நின்றேன். கண்ணாடி மூடியிருந்தது, ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவள் பேசியதும் கொஞ்ச நேரம்தான். அந்த மனுஷன் அப்படியே சரிந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார், தோள் இரண்டும் குலுங்கின. அமுக்குணி அவர் முதுகைத் தடவிக்கொண்டே நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சிவந்து வியர்த்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் ஜன்னலைத் திறக்கப் பார்த்தாள், எட்டவில்லை. ஓடிப்போய்த் திறந்துவிட எனக்கு முகமில்லை.