புள்ளியை விழுங்கிய குரல்

காசு வாங்காமல் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு மேலதிகாரி கிடையாது, கெடு கிடையாது, ஆகவே பயமும் கிடையாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அப்படி நம்புகிறவர்கள் ஒருநாள்கூட அந்த வேலையைச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். என்னைப் போல ஆசைப்பட்டு மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் கோமதி. நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வாசம். கணவர் சங்கரனுக்கு மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு. நான் வீட்டிலிருந்தே ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன், அது சோற்றுக்கு. மிச்ச நேரத்தில், பல ஊர்களில் இருக்கும் சில பேரோடு சேர்ந்து ஒரு செயலியைப் பார்த்துக்கொள்கிறேன். போனில் இருக்கும் தமிழ் எழுத்தை அது சத்தமாக வாசித்துக் காட்டும். பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கண் தெரியாது. செயலி இலவசம், அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதில்தான் என் தூக்கம் கெட்டது.

மூச்சு வாங்கும் பெயர்

எங்கள் செயலிக்கு இனிஷியல் என்றால் என்னவென்று தெரியாது. புள்ளியைக் கண்டால் வாக்கியம் முடிந்துவிட்டது என்று நினைத்து நின்றுவிடும். 'கே.பி.சண்முகம்' என்பதை 'கே' என்று சொல்லி ஒரு பெருமூச்சு, 'பி' என்று சொல்லி இன்னொரு பெருமூச்சு விட்டுத்தான் சண்முகத்துக்கு வரும். வடலூர்க்காரர் ஒருவர், "எங்கப்பா பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள உங்க செயலிக்கு ஆக்சிஜன் வைக்கணும் போல" என்று எழுதியிருந்தார். எல்லோரும் சிரித்தோம்.

சென்னையில் இருக்கும் கார்த்திக் என்ற தன்னார்வலர் அன்று மாலைக்குள் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டார். இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளி இல்லாமல் புள்ளி வந்தால் அதை விழுங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். கேட்டுப் பார்த்தேன், பெயர் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. ஆனால் புள்ளி பெயரில் மட்டுமா வருகிறது? எண்களை இது எப்படி வாசிக்கிறது என்று சோதிக்க எங்களிடம் எதுவும் இல்லை. அதைச் செய்யலாம், செய்யலாம் என்று நான் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எண்களைச் சோதிக்காமல் இதைச் சேர்க்க வேண்டாம் என்று எழுதினேன். கார்த்திக் பதில் எழுதினார்:

"ரொம்பப் பயப்படறீங்கக்கா. ஒரு புள்ளிதானே?"

யாருக்கு எது பிடிக்கும்

அடுத்த பதிப்பில் என்னென்ன சேர்ப்பது என்று பேச எல்லோரும் வீடியோவில் கூடினோம். கொஞ்சலாகப் பேசும் புதுப் பெண்குரல் ஒன்று வேண்டும் என்றார்கள். அதற்கு ஆள் போதும் போதும் என்கிற அளவுக்குக் கை தூக்கினார்கள். செயலிக்குப் புதுப் படம் வரைய இரண்டு பேர் போட்டி போட்டார்கள். எண்களை வாசிக்கும் சோதனை என்று நான் ஆரம்பித்ததும் ஒருவருக்கு நெட் போய்விட்டது, இன்னொருவருக்குக் காலிங் பெல் அடித்தது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும்.

நானே எழுதித் தருகிறேன், அதுவரை பதிப்பைத் தள்ளி வையுங்கள் என்றேன். தள்ள முடியாது என்றார்கள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் வெளியீட்டு விழாவுக்குத் தேதி கொடுத்தாயிற்று. இந்தச் செயலியை முதன்முதலில் எழுதியவர் ரகு. அந்த ஊர்க்காரர், நல்ல மனிதர், குழந்தை மாதிரி இதை வளர்த்தவர். நான் விடாமல் கேட்டதும் அவருக்கே அலுத்துப்போயிற்று.

"நான் என்ன சம்பளமா கொடுக்கறேன் கோமதிக்கா, இதைச் செய், அதைச் செய்னு சொல்றதுக்கு? அவங்கவங்களுக்கு எது பிடிக்குதோ அதைத்தான் செய்வாங்க, நாம கும்பிட்டு வாங்கிக்கணும்."

நெய்வேலியில் பெருமழை

கார்த்திக்கின் திருத்தத்தோடு புதுப் பதிப்பு விழாவுக்குச் சில நாள் முன்பே வெளியானது. பாராட்டுக்குக் குறைவில்லை. பெயர்கள் அழகாக வருகின்றன, கொஞ்சும் குரல் தேன் மாதிரி இருக்கிறது என்றெல்லாம் எழுதினார்கள். தப்பு என்று யாருமே எழுதவில்லை. பழக்கப்பட்டவர்களுக்குத் தெரியும், தப்பு என்று யாரும் எழுதாத நாட்கள்தான் அதிகம் பயமுறுத்தும். தப்பே இல்லையா, தப்பு என்று தெரியாமலே நம்பிவிட்டார்களா என்று கண்டுபிடிக்க வழியில்லை. விழா நடந்த அன்று காலை அடுப்படியில் நின்றபடி, செய்திகளை எங்கள் செயலியையே வாசிக்கவிட்டு, என் பாட்டுக்கு எண்களுக்குச் சோதனை எழுத யோசித்துக்கொண்டிருந்தேன். சங்கரன் ஷிப்ட் முடிந்து வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்சும் குரல் கொஞ்சிக்கொண்டே சொன்னது: 'நெய்வேலியில் நேற்று இருபத்தைந்து சென்டிமீட்டர் மழை.' போனை எடுத்துப் பார்த்தேன். 2.5 என்று இருந்தது. நடுவில் இருந்த புள்ளியைச் செயலி விழுங்கியிருந்தது. மழை போகட்டும். காய்ச்சல் அளவு? மருந்து அளவு? கண் தெரிந்தவர் எழுத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார். எங்கள் ஆட்களுக்கு அந்தக் குரலைத் தவிர வேறு சாட்சி இல்லை. எதுவும் தெரியாத சங்கரன் இட்லியை விழுங்கிவிட்டுச் சிரித்தார்.

"இருபத்தஞ்சா? அப்படிப் பெஞ்சிருந்தா நான் மைன்ஸ்லேருந்து நீந்தில்ல வந்திருக்கணும்!"

சாவி ஒன்று

பதிப்பை வெளியிடவும் திரும்பப் பெறவும் வேண்டிய சாவி, அதாவது கடவுச்சொல், ரகு ஒருவரிடம்தான் இருந்தது. அவருடைய போன் அணைந்திருந்தது. விழா மேடையில் இருந்தார். குழுவுக்கு எழுதினேன், பாதிப் பேர் அந்த விழாவில், மீதிப் பேர் அலுவலகத்தில். நான் எழுதியதன் கீழே யாரோ கைதட்டும் படம் ஒன்றைப் போட்டார்கள். விழாவுக்காகப் போட்டது, என் வரியைப் படித்ததாகவே தெரியவில்லை.

செயலியைப் பயன்படுத்துகிறவர்களில் என்னிடம் எண் இருந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகப் போன் போட்டேன். எண்களை நம்பாதீர்கள், மாத்திரை மருந்து என்றால் பக்கத்தில் யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். சிலர் பதறினார்கள், சிலர் எனக்கே ஆறுதல் சொன்னார்கள். காடாம்புலியூரில் முந்திரி வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் நான் சொன்னதைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"நான் அப்டேட்டே பண்றதில்லீங்க. நல்லா பேசிக்கினு இருக்கற வாய்க்குள்ள ஏங்க கைய வுட்டுக்கினு?"

பூட்டிய வீட்டுக்குள் எங்கள் குரல்

ஒருத்தி மட்டும் எடுக்கவில்லை. மணிமேகலை. குறிஞ்சிப்பாடியில் கூட்டுறவு சங்கம் ஒன்றில் தொலைபேசி பார்க்கும் பெண். பிறவியிலேயே பார்வை இல்லை. கணவருக்கு நெல்லிக்குப்பத்தில் வேலை, காலையில் போனால் இருட்டித்தான் வருவார். அன்று காலை அவள் எனக்கு ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தாள். இப்போதுதான் கேட்டேன். 'கொழந்தைக்கு ஜுரங்க. டாக்டரம்மா மருந்து அளவ போன்ல எழுதி அனுப்பியிருக்காங்க. உங்க புதுக்குரல்ல கேட்டுட்டு ஊத்தப்போறேன்.' தவழத் தொடங்கியிருக்கும் குழந்தை அது. சங்கரனிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

பஸ் முழுக்க அவள் எண்ணையே அழுத்திக்கொண்டு வந்தேன். மணி போகிறது, எடுப்பாரில்லை. வடலூரில் டிரைவர் டீ குடிக்க இறங்கியபோது அந்த மனிதரை அடித்துவிடலாம் போல இருந்தது. அவள் வீட்டு வாசலுக்குப் போனால் கதவில் பூட்டு. மறுபடி அழுத்தினேன். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து எங்கள் குரல், அதே கொஞ்சலோடு, 'கோமதி அக்கா அழைக்கிறார். கோமதி அக்கா அழைக்கிறார்' என்றது. பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "புள்ளயத் தூக்கிக்கினு ஓடிச்சுங்க. ஆஸ்பத்திரிக்குத்தான்னு நெனைக்கறேன்" என்றாள். வாசற்படியில் உட்கார்ந்தேன். அந்தக் குழந்தையை நான் பார்த்ததுகூட இல்லை. அதன் முகம் எப்படி இருக்கும் என்று நினைக்க வந்த நினைப்பையெல்லாம் தள்ளித் தள்ளிவிட்டேன்.

அவள் வந்தாள். ஒரு கையில் கோல், தோளில் குழந்தை. குழந்தை கத்திக்கொண்டு வந்தது. அந்த அழுகையை விட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. என் குரலைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். "இருபத்தஞ்சு மில்லினு சொல்லிச்சுங்க. திருப்பித் திருப்பிக் கேட்டேன், அதையேதான் சொல்லிக்கினு இருந்துச்சு. மருந்து மூடியில கோடு தடவிப் பாத்தா மூடி நெறைய ஊத்தினாலே பத்துதான். அப்போ ரெண்டரை மூடி. ஒரு மூடி ஊத்திட்டேங்க, கொழந்தை ஒதட்டுகிட்ட கொண்டுபோயிட்டேன். அப்புறம் வைக்க மனசு வரல. கேட்டுக்கினு வந்துடலாம்னு டாக்டரம்மாகிட்ட ஓடினேன். ரெண்டரை மில்லிதானாம். அவசரத்துல போன வூட்டுலயே வுட்டுட்டேன்." நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அவள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"குரலு ஆயிரம் சொல்லுங்க. எம் புள்ள வாயி எவ்ளோ சின்னதுன்னு எனக்குத் தெரியாதா?"

மாலை வாடுவதற்குள்

அங்கே இருந்தபடியே ரகுவுக்கு அடித்தேன். இந்த முறை எடுத்தார். பின்னால் நாதஸ்வரமும் கைதட்டலும் கேட்டன. முழுவதையும் சொன்னேன். 'ஒரு மூடி ஊற்றி உதட்டுகிட்ட கொண்டுபோயிட்டா' என்பதையும் விடவில்லை.

சற்று நேரத்தில் பதிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார். பழைய பதிப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லி செயலி வழியாகவே எல்லோருக்கும் அறிவிப்பு போயிற்று. எத்தனை பேர் அதைக் கேட்டார்கள், எத்தனை பேர் வீட்டில் மூடி இன்னும் சாய்ந்துகொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எங்களுடையதைப் போன்ற செயலியை யார் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கே கிடையாது. அவர்களை வேவு பார்ப்பதில்லை என்று அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வோம். கார்த்திக் குழுவிலிருந்து விலகிவிட்டார். நான் போன் போட்டுப் பேசினேன். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் எழுதியதை நாங்கள் எல்லோரும்தானே வெளியே விட்டோம். அன்று சாயங்காலம் ரகு கூப்பிட்டார்.

"மாலையைக் கழட்டக்கூட இல்லக்கா, பாத்ரூம்ல போய் நின்னு வாந்தி எடுத்தேன்."

பொத்தான்

அதன்பிறகு எண் சோதனைக்கு ஆள் கிடைத்தார்கள். பயம் வந்தால் முன்னுரிமை தானாக மாறிவிடுகிறது. மருந்து, காய்ச்சல், தேதி, பஸ் நேரம் என்று எல்லாவற்றையும் வாசிக்க வைத்துக் கேட்டோம். மணிமேகலையும் உட்கார்ந்து கேட்டாள். நாங்கள் தவறவிட்ட இரண்டை அவள் பிடித்தாள். ரகு இரண்டாவது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, இந்த முறை நீங்களே வெளியிடுங்கள் என்றார்.

சோதனை எல்லாம் பச்சை, அதாவது தேறிவிட்டது. வெளியிடும் பொத்தான் மேல் விரலை வைத்தேன், எடுத்தேன். எழுந்துபோய்த் துணி காயப்போட்டுவிட்டு வந்து மறுபடி வைத்தேன். புள்ளியைப் பார்த்துவிட்டோம், சரி. எதைப் பார்க்காமல் விட்டோம்? எந்த ஊரில், எந்த வீட்டில், யார் எதைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் குரலுக்காகக் காத்திருக்கிறார்கள்? ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சங்கரன் பின்னால் வந்து நின்று என் விரலைப் பார்த்தார். சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு சொன்னார்:

"கை நடுங்குதா? நல்லது. எங்க செக்ஷன்ல நடுக்கம் விட்டுப் போனவனைத்தான் பெல்ட் கிட்டயே சேர்க்க மாட்டோம்."

அழுத்திவிட்டேன், சம்பளமில்லாத இந்த வேலையில் லீவும் இல்லை, ரிட்டயர்மெண்டும் இல்லை, பயத்துக்கு மட்டும் தவறாமல் ஓவர்டைம் உண்டு.